எதிர்ப்பு என்னும் ஒரு சொல்: மருந்துப் பெயர்கள் குறித்துச் சில சிந்தனைகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றியே பத்தாண்டுகளாகப் பேசி வரும் இம்மேடையில் மருந்துக்கடைக்காரன் ஒருவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். பட்டம் பெற்ற மருந்தாளுநனாக முப்பதாண்டுகளுக்கு மேல் மருந்துக் கடையொன்றின் மேசைக்குப் பின்னால் நின்றவன் நான். ஒரு சொல் தவறாகப் பொருள்பட்டால் கவிதையில் ஓர் அடி சிதையும். மருந்தில் ஓர் உடல் சிதையும். இந்த ஓர் உறவைப் பற்றிக்கொண்டே உங்கள் முன் நிற்கிறேன்.

மாத்திரை

உங்களுக்கும் எனக்கும் பொதுவான ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மாத்திரை என்றால் உங்களுக்கு எழுத்தின் ஒலியளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே அதன் அளவென்று தொல்காப்பியர் வகுத்தார். எனக்கோ மாத்திரை என்பது உருட்டியோ அழுத்தியோ செய்த மருந்து. இவ்விரண்டும் வேறுவேறு சொற்கள் அல்ல. மாத்திரை என்பதன் அடிப்பொருள் அளவு. ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அளந்து வைத்த மருந்தை நம் முன்னோர் 'அளவு' என்ற பெயராலேயே அழைத்தனர். உருவத்தையோ நிறத்தையோ சுட்டாமல் அளவைச் சுட்டிப் பெயரிட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தார் இதனைக் குளிசை என்பர். குளிகை என்பதன் பேச்சு வடிவம் அது. உருண்டை என்னும் வடிவத்தைச் சுட்டுவது. ஒரே பொருளை ஒரு கரையில் அளவாலும் மறுகரையில் வடிவாலும் நாம் அழைக்கிறோம். வேளை, பத்தியம், அனுபானம், மண்டலம் என்று நம் மரபு மருத்துவம் தந்த சொற்களும் பெரும்பாலும் அளவையும் முறையையும் குறித்தனவே. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் ஒரு மருந்தின் பெயரேனும் இல்லை. அதன் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறது.

கடை மேசையில் கேட்ட சொற்கள்

இனி நடைமுறை வழக்குக்கு வருவோம். "காய்ச்சலுக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வருவோர் உண்டு. செட்டு என்றால் நாலைந்து வகை மாத்திரைகளைப் பெயரும் அட்டையுமின்றிப் பிரித்து ஒரு தாளில் மடித்துக் கொடுப்பது. உள்ளே இருப்பது எது என்று கொடுப்பவனுக்குத் தெரியும், உண்பவருக்குத் தெரியாது. "வீரியமான மாத்திரையா குடுங்க" என்பது இன்னொரு வழக்கு. "சூடு ஜாஸ்தி, மோர் குடிக்கணும்" என்பது மற்றொன்று. மேலை மருத்துவ நூல்களில் மருந்துக்குச் சூடு கிடையாது. ஆயினும் வயிற்றெரிச்சலையும் வாய்ப்புண்ணையும் வயிற்றுப்போக்கையும் மக்கள் தங்கள் அனுபவத்தால் உணர்ந்து, தங்களிடம் இருந்த சொல்லால் குறித்தார்கள். அதை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

'ஆங்கில மருந்து' என்று பெயர்ப்பலகை எழுதுகிறோம். அம்மருந்துகளுள் ஆஸ்பிரின் 1899-ல் ஜெர்மனியில் அந்தப் பெயரைப் பெற்றது. பென்சிலினை 1928-ல் கண்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர் பிளெமிங். பொன்னிறத்தால் பெயர் பெற்ற ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தபோது, அதனை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். பெயர்ப்பலகையில் உள்ள 'ஆங்கிலம்' நாட்டைக் குறிக்கவில்லை; அட்டையின்மேல் நமக்கு விளங்காத எழுத்தையே குறிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

முன்னோடி ஒருவர்

விளங்காத எழுத்தை விளங்கும் எழுத்தாக்க முயன்றவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழிலேயே நூல்களும் வெளிவரச் செய்தார். தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதைக் கொண்டார். வடசொல் வழக்கில் இருந்தவிடத்து அதைக் கொண்டார். இரண்டும் இல்லாதவிடத்து அயற்சொல்லைத் தமிழோசைக்கு இசைவித்தார். அவருடைய வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. இன்று நமக்கு அது புன்னகை வரவழைக்கலாம். ஆயினும் அயற்சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து வீட்டுக்குள் அழைத்த அந்தத் துணிவு போற்றத்தக்கது. ஊர் திரும்பி 1884-ல் அவர் மறைந்தபோது பென்சிலின் பிறக்க இன்னும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. ஆகவே நம் தலைமுறையின் மிகப் பெரிய மருந்துக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஆன்டிபயாட்டிக்

அம்மருந்தின் பெயர் ஆன்டிபயாட்டிக். உயிருக்கு எதிரானது என்பது அதன் சொற்பொருள். ஓர் உயிர் இன்னோர் உயிரின் வளர்ச்சியைத் தடுக்கும் நிலையைக் குறிக்கப் பிரெஞ்சு அறிஞர் வில்மேன் 1889-ல் 'ஆன்டிபயோசிஸ்' என்ற கருத்தை முன்வைத்தார். 1940களின் தொடக்கத்தில் செல்மன் வாக்ஸ்மன் அந்தச் சொல்லை மருந்துக்கு உரியதாக்கினார். அவருடைய ஆய்வகத்தில்தான் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943-ல் மண்ணிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார்.

இப்பெயர்களின் உள்ளே பார்த்தால் கவிஞர்கள் மகிழ்வீர்கள். பென்சிலினில் இருப்பது தூரிகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்; அந்தப் பூஞ்சையைப் பெருக்கிக் காட்டினால் சிறு தூரிகைபோல் இருக்கும். ஸ்டிரெப்டோமைசினில் இருப்பவை முறுக்கு, பூஞ்சை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்கள். ஆனால் அந்த உயிர் பூஞ்சை அன்று. அது ஒரு பாக்டீரியா. ஆக, அறிவியலாரின் பெயரிலும் பிழை உண்டு. ஆயினும் அப்பிழையால் எவருக்கும் கேடில்லை. ஏனெனில் அந்தப் பெயரைப் பிரித்துப் பொருள் காண்பவர் எவரும் இலர். அது மூடிய சொல்.

தமிழ்ச்சொல்லின் நிலை வேறு. நம் சொற்கள் திறந்தவை. கேட்டவுடன் காது பிரித்துப் பொருள் கொண்டுவிடும். இதுவே தமிழின் பேராற்றல். இதுவே பேராபத்தும் ஆகும். மூடிய சொல் ஒன்றும் கற்பிக்காது. திறந்த சொல் கற்பிக்கும். தவறாக அமைந்துவிட்டால் தவறாகவே கற்பிக்கும்.

ஆன்டிபயாட்டிக்குக்கு நாம் ஒன்றல்ல, பல பெயர்கள் இட்டோம். உயிர் எதிரி, எதிர் உயிர்ப்பொருள், நுண்ணுயிர்க்கொல்லி, நுண்ணுயிர் எதிர்ப்பி என்பன அவற்றுள் சில. உயிர் எதிரி என்றால் யாருடைய உயிருக்கு எதிரி என்று நோயாளி கேட்பார். உயிர்க்கொல்லி என்று சுருக்கவும் வழியில்லை. 'உயிர்க்கொல்லி நோய்' என்று எய்ட்ஸைச் செய்தித்தாள்கள் அழைத்து வழக்காக்கிவிட்டன. கடைசியாக மக்கள் வாயில் நிலைத்தது இவை எவையும் அல்ல. நாளிதழ்களும் மருந்துக் கடைகளும் சேர்ந்து பரப்பிய 'நோய் எதிர்ப்பு மாத்திரை' என்பதே நிலைத்தது.

என் பிழை

இங்கே நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் பணியாற்றிய நாளில், மாத்திரை போட்டுத் தரும் தாள் உறைகளின்மேல் தமிழிலேயே எழுதித் தருவது என்று உறுதி கொண்டிருந்தேன். வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுக்கு, தூக்கத்துக்கு என்று எழுதுவேன். ஆன்டிபயாட்டிக் என்று வந்தால் 'நோய் எதிர்ப்பு மாத்திரை' என்று எழுதுவேன். தமிழ்த்தொண்டு செய்கிறோம் என்ற பெருமிதமும் எனக்கு இருந்தது.

ஒரு மூதாட்டி தம் பத்து வயதுப் பேரனுக்கு மருத்துவர் எழுதிய சீட்டோடு வந்து ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சென்றார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மீதியை அவர் பத்திரப்படுத்தினார். பிறகு பையன் சோர்ந்து தெரிந்தபோதெல்லாம் ஒன்று கொடுத்திருக்கிறார். தீர்ந்ததும் வேறு கடையில் அதே பெயரைக் காட்டி வாங்கியிருக்கிறார். சில மாதங்கள் கழித்துப் பையனுக்குக் கடுமையான நோய்த்தொற்று ஏற்பட்டது. வழக்கமான மருந்துகள் பயன்படவில்லை. பத்து நாள்கள் மருத்துவமனையில் இருந்தான். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

பின்னர் ஒருநாள் அந்த அம்மையார் கடைக்கு வந்தபோது நான் சற்றுக் கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. கசங்கிய உறையை எடுத்துக் காட்டினார். "நீங்கதானே தம்பி எழுதிக் குடுத்தீங்க, நோய் எதிர்ப்பு மாத்திரைன்னு? பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி வரட்டும்னுதான் குடுத்தேன்" என்றார்.

என் கையெழுத்து. என் தமிழ். அந்த மாத்திரைகளால்தான் பின்னைய நோய் முற்றியது என்று அறுதியிட்டுச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவர் என் சொல்லைச் சரியாகவே படித்தார் என்று சொல்லும் தகுதி எனக்குண்டு. பிழை படித்தவரிடம் இல்லை, எழுதியவனிடம் இருந்தது.

மூன்று எதிர்ப்புகள்

அன்றிரவு அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். உடல் தன் இயல்பால் நோயைத் தாங்கி நிற்பதை 'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்கிறோம். பாக்டீரியாவைத் தாக்கும் மருந்தை 'நோய் எதிர்ப்பு மருந்து' என்றும் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்றும் சொல்கிறோம். அம்மருந்துக்குப் பாக்டீரியா கட்டுப்படாமல் போவதை 'மருந்து எதிர்ப்பு' என்கிறோம். முதலாவது உடலுக்கு உரியது. இரண்டாவது மருந்துக்கு உரியது. மூன்றாவது கிருமிக்கு உரியது. மூன்றுக்கும் சொல் ஒன்றே. காப்பவனுக்கும் படைக்கலத்துக்கும் பகைவனுக்கும் ஒரே பெயர் வைத்தால் போர்க்களத்தில் என்ன நேரும்? 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்புத் திறன்' என்று விழிப்புணர்வுச் சுவரொட்டியில் எழுதினால் படிப்பவர் அதை நன்மை என்றே கொள்வார். எதிர்ப்புத் திறன் கூடுவது நல்லதுதானே!

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் நடத்திய கருத்தறிதலில், மருந்துக்கு அடங்காமல் போவது மனித உடல்தான் என்று 76 விழுக்காட்டினர் தவறாக எண்ணியது தெரியவந்தது. சளிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் உதவும் என்று 64 விழுக்காட்டினர் நம்பினர். அவை வைரஸால் வருவன. ஆன்டிபயாட்டிக்குகள் வைரஸைத் தொடுவதில்லை. நம் 'நுண்ணுயிர்' என்ற சொல்லில் பாக்டீரியாவும் அடங்கும், வைரஸும் அடங்கும். ஆகவே இந்தத் தவறான நம்பிக்கைக்கும் நம் சொல்லே இடம் தருகிறது.

இதன் விலை சிறிதன்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேர்க் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2022-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் 2012-ல் சென்னையில் கூடி, இச்சிக்கலை எதிர்கொள்ளும் வழிமுறைகளைச் 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயரில் வகுத்தன. குறிப்பிட்ட சில மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்னும் எச்1 பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர் என்னும் பரப்புரை 2016-ல் தொடங்கியது. மொழியறியாதார்க்கும் விளங்கட்டும் என்று கோடு போட்டார்கள். சொல் தோற்ற இடத்தில் கோடு வந்து நின்றது என்றே நான் அதைப் படித்தேன்.

வென்ற சொற்கள்

சொல் எப்போதும் தோற்றதில்லை என்பதையும் கூற வேண்டும். தடுப்பூசி என்ற சொல்லைப் பாருங்கள். நோய் வந்தபின் போடுவதன்று, வருமுன் தடுப்பது என்று அது தானே சொல்லிவிடுகிறது. போலியோவுக்கு ஊசியின்றி வாய்வழி மருந்து வந்தபோது, 'சொட்டு மருந்து' என்றோம். இரண்டு சொட்டு என்ற அளவும் வாயில் விடும் முறையும் அந்தப் பெயரிலேயே தெரிந்தன. 1995-ல் நாடு தழுவித் தொடங்கிய அவ்வியக்கம் 2014-ல் போலியோ அற்ற நாடென்ற சான்றிதழில் முடிந்ததில், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களுக்கு விளங்கிய அந்தச் சொல்லுக்கும் சிறு பங்குண்டு என்று நம்புகிறேன்.

இன்னும் சிறந்தது 'உப்புச் சர்க்கரைக் கரைசல்'. வயிற்றுப்போக்கில் நீரிழந்து வாடும் பிள்ளைகளைக் காக்கும் மருந்து அது. 1971-ல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் அதன் ஆற்றலை மெய்ப்பித்தார். தமிழில் அதன் பெயரே அதன் செய்முறை. பெயரை நினைவில் வைத்தவருக்கு என்னென்ன பொருள்கள் வேண்டும் என்பதும் நினைவில் நிற்கும். இதனினும் சிக்கனமான கவிதையை நான் படித்ததில்லை.

இவை மூன்றும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. மக்கள் ஏற்கும் மருந்துச்சொல் அந்த மருந்து எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. அதை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது.

ஒரு விண்ணப்பம்

அவ்வழியில் சிந்தித்து ஒரு விண்ணப்பத்தை இவ்வட்டத்தின் முன் வைக்கிறேன். மூன்று எதிர்ப்புகளுள் ஒன்றை மட்டும் எதிர்ப்பாக விட்டுவிடுவோம். அது உடலுக்கு உரியது. எதிர்ப்பாற்றல் என்பது அங்கேயே இருக்கட்டும்.

மருந்துக்கு 'கிருமிமுறி' என்ற பெயரை எண்ணிப் பார்க்கலாம். நஞ்சுமுறி என்பது நமக்குப் பழகிய சொல். கொல்லி என்று சொல்லாமல் முறி என்று சொல்வதற்குக் காரணமுண்டு. பென்சிலின் போன்றவை பாக்டீரியாவைக் கொல்லும். டெட்ராசைக்ளின் போன்றவை பெரும்பாலும் அதன் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். முறித்தல் என்பது இரண்டையும் தழுவும். கிருமிக்குப் புழு என்பதே பழம்பொருள், அது வடசொல்லும் ஆகும் என்று அறிஞர்கள் மறுக்கலாம். வைரஸையும் மக்கள் கிருமி என்றே சொல்கின்றனரே என்றும் கேட்கலாம். இரண்டாவது மறுப்பு வலிமையானது; அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இதனினும் நல்ல சொல்லை உங்களுள் ஒருவர் தந்தால் முதலில் ஏற்பவன் நானாக இருப்பேன்.

மூன்றாவதற்கு நான் சொல் தேடவில்லை; அது ஏற்கெனவே மக்களிடம் இருக்கிறது. "நோய் மருந்துக்கு அடங்கலை" என்று ஊரில் சொல்வார்கள். மருந்துக்கு அடங்காமை என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ளலாம். அடக்கம் நற்பண்பு என்று குறள் வழி கற்ற நமக்கு, அடங்காமை என்றதுமே அது தீது என்பது விளங்கிவிடும். இப்போது அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: கிருமிமுறியைத் தேவையின்றி உண்டால் கிருமி அடங்காமை பெறும், உடலின் எதிர்ப்பாற்றல் அதனால் கூடாது. அந்த அம்மையாருக்கு இவ்வாக்கியத்தை நான் அன்று எழுதித் தந்திருந்தால் போதும்.

எத்தனை நாள் உண்பது என்பதிலும் ஒரு குறிப்பு. வாங்கியது தீரும்வரை உண்க என்று எல்லார்க்கும் ஒரே விதி சொல்லி வந்தோம். சில தொற்றுகளுக்குக் குறைந்த நாள்களே போதும் என்று இப்போது ஆய்வுகள் காட்டுகின்றன. காசநோய்க்கோ மாதக்கணக்கில் தவறாது உண்டாக வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, காசநோயாளிக்கு மருத்துவமனைப் படுக்கையைவிட இடைவிடாத மருந்தே இன்றியமையாதது, வீட்டில் இருந்தே அவர் நலம் பெறலாம் என்று உலகுக்குக் காட்டியது. ஆகவே நாளைக் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். மீதியைப் பரணில் சேர்த்து வைப்பது எவர் கையிலும் இருக்கலாகாது.

கவிஞர்களே, மாத்திரை குறைந்தாலும் கூடினாலும் செய்யுள் ஓசை கெடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கூடுதலும் குறைதலும் இரண்டும் பிழையே என்பதை மருந்துக்கும் பொருத்திச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? கலைச்சொல் ஆக்கத்தைப் பேராசிரியர்களுக்கும் அகராதிக்காரர்களுக்கும் விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்கலாகாது. அவர்கள் சொல்லின் பொருளை எடை போடுவார்கள். அந்தச் சொல் ஒரு பாட்டியின் காதில் என்னவாக விழும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

அந்த உறை இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், வரும் ஆண்டுகளில் ஒரே ஓர் அமர்வையேனும் மருந்துறையின்மேல் எழுத வேண்டிய தமிழுக்காக ஒதுக்குமானால், அதை அன்று கொண்டுவந்து உங்கள் முன் வைப்பேன்.